எல்லா அறிக்கையிலும் ‘இயல்பு’: பாலீர்ப்பு இல்லாதோரும் அவர்தம் குடும்பங்களும்

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் எமது ஆலோசனைப் பிரிவில் ஒரு வகையான கூட்டம் கூடும். வரன் பார்க்கும் பேச்சு வீடுகளில் மீண்டும் தொடங்கும் காலம் அது. மகனோ மகளோ ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால், அதற்கு மருத்துவக் காரணம் ஏதேனும் உண்டா என்று கேட்டு வருவோர் பலர். சென்ற ஆவணியில் அவ்வாறு வந்த ஒரு தாயையும் மகளையும் பற்றி இங்கே எழுதுகிறோம். இருவருடைய இசைவையும் பெற்றுள்ளோம். ஊர், தொழில் முதலிய அடையாளங்களை மாற்றியுள்ளோம்.

மகளுக்கு 29 வயது. தாயின் கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த பரிசோதனை அறிக்கைகள்: தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, வயிற்று ஸ்கேன், தலைக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படமும் ஒன்று. அவற்றைத் தேதி வாரியாக மேசைமேல் அடுக்கிய பிறகே அந்தத் தாய் பேசத் தொடங்கினார்.

“எல்லாம் நார்மல் என்றுதான் எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். நார்மல் என்றால் இவளுக்கு ஏன் கல்யாணத்தில் ஓர் ஆசையும் வரவில்லை? என்ன குறை என்று நீங்களாவது சொல்லுங்கள்.”

மகள் சற்று நேரம் கழித்துப் பேசினார். “எனக்கு யார்மீதும் அப்படித் தோன்றியதே இல்லை, டாக்டர். ஆண்மீதும் இல்லை, பெண்மீதும் இல்லை. காலேஜில் எல்லாரும் பேசும்போது, அவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அதனால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அம்மா இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் கஷ்டமாக இருக்கிறது.”

அவர் விவரித்த நிலைக்குப் பெயர் உண்டு. ஆங்கிலத்தில் ஏசெக்சுவாலிட்டி என்பர். தமிழில் பாலீர்ப்பின்மை எனலாம். இந்நிலையினர் தம்மைச் சுருக்கமாக ‘ஏஸ்’ என்று சொல்லிக்கொள்கின்றனர். பிறர்மீது பால்சார்ந்த ஈர்ப்பு தோன்றாமை, அல்லது மிக அரிதாகவே தோன்றுதல் என்பதே இதன் பொருள். இதனை நோயெனக் கொள்வது தவறு. உடற்குறை என்பதும் தவறு. விரதம் என்பதும் தவறு. பசித்தவர் நோன்பிருப்பது வேறு, பசியே எடுக்காதிருப்பது வேறு. துறவியும் பிரம்மச்சரியம் காப்பவரும் முதல் வகையினர். அவர்கள் ஒன்றை அடக்குகின்றனர். ஏஸ் என்போருக்கு அடக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆகவே “நீ சாமியாராகப் போகிறாயா?” என்ற கேள்வியை அவர்கள் சிரித்துக்கொண்டே, ஆனால் சலிப்புடன் எதிர்கொள்கின்றனர்.

அன்பு வேறு, காதல் வேறு, பாலீர்ப்பு வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாலீர்ப்பு இல்லாதவர்களுள் பலர் காதல் கொள்கின்றனர். ஒருவரோடு வாழ்நாள் முழுவதும் சேர்ந்திருக்க விரும்புகின்றனர். சிலர் மணம் புரிந்து மக்களைப் பெற்று வளர்க்கின்றனர். வேறு சிலருக்குக் காதலுணர்வும் தோன்றுவதில்லை. நெருங்கிய பிணைப்பு உண்டான பிறகே ஈர்ப்பை உணர்வோரும் உளர். ஒரே அச்சில் வார்த்த மனிதர்களாக இவர்களைக் காண்பது பிழையாகும்.

இனி அந்தத் துணிக்கடைப் பைக்கு வருவோம். பரிசோதனைக்கு அழைத்துச் சென்றதற்காக அத்தாயை நாங்கள் குறை கூறவில்லை. பால் விருப்பம் குறைவதற்கு மெய்யான மருத்துவக் காரணங்கள் பல உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, புரோலாக்டின் மிகுதி, டெஸ்டோஸ்டிரோன் குறைவு, நீரிழிவு, மனச்சோர்வு, நாட்பட்ட வலி, உறக்கமின்மை ஆகிய ஒவ்வொன்றும் காரணமாகலாம். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளுள் சிலவும், இரத்த அழுத்தத்துக்குத் தரும் சிலவும் இதே விளைவை உண்டாக்குவதுண்டு. (மாத்திரைதான் காரணம் என்று ஐயுற்றால் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது கெடுதல். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தர வழியுண்டு.)

ஆகையால் நாங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “முன்பு இருந்து இப்போது போய்விட்டதா, அல்லது எப்போதுமே இருந்ததில்லையா?” முன்பு இருந்த விருப்பம் மறைந்தது என்றால், குறிப்பாகச் சோர்வு, எடை மாற்றம், மாதவிடாய்ப் பிறழ்வு, தலைவலி, பார்வைக் கோளாறு முதலியனவும் சேர்ந்திருந்தால், பரிசோதனை கட்டாயம் வேண்டும். உறவின்போது வலி இருந்தாலும், விருப்பம் இருந்தும் உடல் ஒத்துழைக்காவிட்டாலும் சிகிச்சை உண்டு. வெட்கப்படாமல் வர வேண்டும். ஆனால் பூப்பெய்திய காலம் முதலே எவர்மீதும் ஈர்ப்பு தோன்றவில்லை, உடல் நலமாக உள்ளது, அதுபற்றி அவருக்கு வருத்தமும் இல்லை என்றால், தேடுவதற்கு ஒன்றுமில்லை. அம்மகளுக்குச் செய்த முதல் சுற்றுப் பரிசோதனை நியாயமானது. நான்காம் சுற்றும் எம்.ஆர்.ஐ. படமும் பணச் செலவு மட்டுமல்ல. ஒவ்வொரு சுற்றும் ‘உன்னிடம் ஏதோ பழுது இருக்கிறது’ என்று அவரிடம் மறுபடியும் சொன்னது.

இத்தகையோர் புதிதாகத் தோன்றியவர்கள் அல்லர். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கின்சி 1948-இல் வெளியிட்ட ஆய்வு நூலிலேயே, தமது அளவுகோலில் எங்கும் அடங்காதவர்களை ‘எக்ஸ்’ என்ற எழுத்தால் குறித்தார். குறித்ததோடு சரி, நெடுங்காலம் அந்த எழுத்தை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1990-91-இல் பிரிட்டனில், எய்ட்ஸ் பரவலைப் புரிந்துகொள்ளும் நோக்கில் 18,000-க்கும் மேற்பட்டோரிடம் பாலியல் வாழ்வு குறித்துக் கேள்விகள் கேட்கப்பட்டன. யார்மீது ஈர்ப்பு கொண்டீர்கள் என்ற கேள்விக்கான விடைகளுள், எவர்மீதும் ஒருபோதும் கொண்டதில்லை என்பதும் ஒன்று. கனடா நாட்டின் பிராக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்தனி போகார்ட் அத்தரவுகளை ஆராய்ந்து 2004-இல் கட்டுரை வெளியிட்டார். அந்த விடையைத் தேர்ந்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். கேள்வி அமையும் விதத்தைப் பொறுத்து இந்த விகிதம் மாறக்கூடும் என்றாலும், ஒரு பெரிய பள்ளியில் பலர் இருக்கக்கூடிய அளவு அது. எமது புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு நாளில் வருவோரைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால் எமக்கே வியப்பாக இருந்தது.

எண்ணிக்கை இருந்தும் இவர்கள் கண்ணில் படாதது ஏன்? இல்லாத ஒன்றை எப்படி வெளிக்காட்டுவது என்பதே முதற்காரணம். நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. திருமணத்துக்கு முன் ஆசையின்மை இங்கே ஒழுக்கமாகப் போற்றப்படுகிறது. ‘எங்கள் பெண் எந்த வம்புக்கும் போகாதவள்’ என்று பெருமையாகச் சொல்லப்பட்ட அதே இயல்பு, வயது 27-ஐத் தாண்டியதும் ‘என்ன குறை?’ என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. பெண் மாறவில்லை, சுற்றத்தாரின் பார்வைதான் மாறியது.

2001-இல் டேவிட் ஜே என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர், தம்மைப் போன்றோரைத் தேடி ஏவென் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதுவரை தனித்தனியே ‘நான் மட்டும்தான் இப்படி’ என்று எண்ணியிருந்தோர் பல நாடுகளிலிருந்தும் அதில் சேர்ந்தனர். புதிதாக வருவோரை கேக் படம் தந்து வரவேற்பது அவர்களிடையே மரபு. ‘அதைவிட கேக் மேலானது’ என்பது அந்த வட்டத்துக்கே உரிய நகைச்சுவை. வலக்கை நடுவிரலில் கருநிற மோதிரம் அணிந்து ஒருவரையொருவர் அடையாளம் காண்பர். கருப்பு, சாம்பல், வெள்ளை, ஊதா ஆகிய நான்கு நிறக் கொடி 2010-இல் உருவாயிற்று. அதே ஆண்டு முதல் அக்டோபர் இறுதியில் விழிப்புணர்வு வாரமும், 2021 முதல் ஏப்ரல் 6-ஆம் நாள் பன்னாட்டு நாளும் கடைப்பிடிக்கப்படுகின்றன. கொடியும் மோதிரமும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த மகள் எம்மிடம் சொன்னதையே விடையாகத் தருகிறோம்: தம் ஊருக்கு அருகிலுள்ள நகரில் ஏழெட்டுப் பேர் கூடும் ஒரு சந்திப்புக்கு முதன்முறை சென்றபோது, தேநீரும் கேரம் பலகையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. “மூன்று மணி நேரத்தில் ஒருவர்கூட எப்போது கல்யாணம் என்று கேட்கவில்லை. அதுவே எனக்குத் திருவிழாவாக இருந்தது.”

இந்தியாவில் இத்தகைய சந்திப்புகளை ஒழுங்குபடுத்தியவர்களுள் முன்னோடி பிரகதி சிங். அவரே ஒரு மருத்துவர். அவர் தொடங்கிய இந்தியன் ஏஸஸ் என்ற அமைப்பு, பாலுறவு இல்லாத துணையை நாடுவோரும் ஒருவரையொருவர் கண்டறிய வழி செய்தது. 2019-இல் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

மருத்துவர்களாகிய நாங்கள் இதில் தாமதமாகவே கற்றவர்கள், அதை மறைப்பதற்கில்லை. பால் விருப்பம் இல்லாமையை அமெரிக்க மனநலக் கையேடு நெடுங்காலம் ஒரு கோளாறாகவே வரையறுத்திருந்தது. 2008 முதல் ஏவென் உறுப்பினர்கள் சிலர் ஆய்வாளர்களைச் சந்தித்தும், சான்றுகளைத் தொகுத்தும் தம் நிலையை எடுத்துரைத்தனர். 2013-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, ஒருவர் தம்மை ஏசெக்சுவல் என்று அடையாளப்படுத்திக்கொண்டால் அவருடைய வாழ்நாள் விருப்பமின்மைக்கு நோய்ப்பெயர் இடலாகாது என்று சொல்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லோரி பிராட்டோவும் மோராக் யூலும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, பாலீர்ப்பில்லாப் பெண்களின் உடல், தூண்டலுக்கு எதிர்வினையாற்றும் விதத்தில் பிற பெண்களினின்று வேறுபடவில்லை என்று காட்டியது. உடல் இயங்குகிறது, நாட்டம்தான் எவரையும் நோக்கித் திரும்புவதில்லை.

ஆனால் பொதுமக்கள் கையேடுகளையா படிக்கின்றனர்? தொலைக்காட்சி பார்க்கின்றனர். ‘ஹவுஸ்’ என்ற புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவத் தொடரில் 2012 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு பகுதியில், பாலுறவின்றி மகிழ்ச்சியாக வாழும் தம்பதியர் வருகின்றனர். கதாநாயக மருத்துவர் அதை நம்ப மறுத்து, காரணம் கண்டுபிடிப்பதாகப் பந்தயம் கட்டுகிறார். முடிவில் கணவருக்கு பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி. மனைவியோ அவருக்காக இத்தனை காலம் பொய் சொன்னவர். பிட்யூட்டரிக் கட்டியால் விருப்பம் குறையும் என்பது மருத்துவ உண்மைதான். அதில் எமக்கு மறுப்பில்லை. ஒருவருக்குக் கட்டி, மற்றவர் பொய்; ஆக இப்படி ஒருவர் உண்மையில் இருக்கவே முடியாது என்று கதை தீர்ப்பளித்ததுதான் கொடுமை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்ன மருத்துவர் அத்தொடரைப் பார்த்தவரா என்று நாங்கள் அறியோம்.

உறவினர் சொல்லும் வார்த்தைகளும் ஏறக்குறைய அதே தீர்ப்புதான். “சின்ன வயதில் ஏதோ நடந்திருக்கும்” என்பர். சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் உண்டு; அவர்களுக்கு உரிய உதவி வேண்டும். ஆனால் ஈர்ப்பு இல்லை என்ற ஒன்றையே வைத்து, நடக்காத ஒன்றைத் துருவித் துருவிக் கேட்பது தீங்கு. “தக்க ஆள் கிடைக்கவில்லை” என்பர். எதிர்பாலினர்மீது ஈர்ப்புள்ள ஒருவரிடம், ‘நீ இன்னும் உன் பாலிலேயே தக்க ஆளைச் சந்திக்கவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. “கல்நெஞ்சு” என்பர். இதற்கு விடை கூற வேண்டியதில்லை. எமது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரவெல்லாம் அமர்ந்திருக்கும் மணமாகாத சித்திகளையும் பெரியப்பாக்களையும் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, “ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்” என்பது. திருமணத்தை மருந்தாகக் கொடுப்பதன் விளைவுகளை நாங்கள் வேறொரு வாசலில் காண்கிறோம். மணமாகி மூன்று நான்கு ஆண்டுகளாகக் குழந்தையில்லை என்று கருத்தரிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் தம்பதியருள் சிலர், தனித்தனியே பேசும்போதுதான் உண்மையைச் சொல்கின்றனர். இருவருக்கும் விந்து, முட்டை, கருப்பை எல்லாம் நலம், உறவே நிகழவில்லை. விருப்பமின்றி உடன்பட்டவரின் துயரம் ஒருபுறம். தன்னை வெறுக்கிறாரோ என்று எண்ணி உள்ளுக்குள் உருகும் துணைவரின் துயரம் மறுபுறம். அந்தத் துணைவரும் ஒரு வீட்டின் பிள்ளையே. ஏஸ் ஒருவர் மணம் புரியக் கூடாது என்று நாங்கள் கூறவில்லை. முன்கூட்டியே பேசி, இருவரும் தெளிந்து, தமக்கேற்ற வாழ்வை அமைத்துக்கொண்டோரையும் அறிவோம். பேசாமல் கட்டிவைப்பதையே வேண்டாம் என்கிறோம்.

சிகிச்சை என்ற பெயரில் மாற்ற முயல்வோரைக் குறித்தும் எச்சரிக்க வேண்டியுள்ளது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பால் நாட்டத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். அதனைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதனைத் தொழில்முறை ஒழுங்கீனம் என அறிவித்தது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகாமையைக் கொண்டு ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யலாகாது என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது. ‘மூன்று மாதத்தில் ஆசை வரவைக்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குப் பணம் கட்டுமுன் இவற்றை நினைவிற்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குள் நடப்பவற்றிலும் சிலவற்றைத் தெளிவாக்க விரும்புகிறோம். “கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று மருத்துவர் கேட்பது பெரும்பாலும் வேறொன்றைக் கேட்பதற்கான நாகரிகமான சுற்றுவழி. நேரடியாகக் கேட்பதே நல்லது என்று எமது மருத்துவர்களிடம் சொல்லியுள்ளோம். உறவு கொள்வதில்லை என்று நீங்கள் சொன்னால் அதை நம்பிக் குறித்துக்கொள்வது எமது கடமை. அதே வேளையில், அறுவைக்கு முன்னும் சில எக்ஸ்ரே, சி.டி. படங்களுக்கு முன்னும் பெண்களுக்குச் செய்யும் கர்ப்பப் பரிசோதனை ஒரு பொது நடைமுறை. உங்கள் சொல்லை ஐயுற்றுச் செய்வதன்று. இதையெல்லாம் உடனிருப்போர் முன் சொல்லத் தயங்கினால், தனியே பேச வேண்டும் என்று செவிலியரிடம் கூறலாம். 18 வயது நிரம்பியவர் எவரும் கேட்கலாம்.

தாயின் உண்மையான கேள்வி அன்று கடைசியில்தான் வந்தது. மகள் தண்ணீர் குடிக்க வெளியே சென்றிருந்தார். “நான் போன பிறகு இவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?”

இக்கேள்வியை நாங்கள் எளிதாக ஒதுக்கவில்லை. பாலியல் ஆசை பற்றியதன்று அது, மெய்யான அச்சம். ஆனால் எமது வார்டுகளைச் சுற்றிப் பார்த்தால், கணவனும் பிள்ளைகளும் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் கஞ்சி கொண்டுவரும் படுக்கைகள் எத்தனை! உடனிருப்பு என்பது முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டிய ஒன்று, மணமானவருக்கும் அப்படியே. சட்டமும் இதற்கு இடம் தருகிறது. மேற்சொன்ன மனநலச் சட்டத்தின்படி, வயது வந்த எவரும் தமக்கான பிரதிநிதியாகத் தாம் நம்பும் வேறொரு வயது வந்தவரை, அவர் உறவினர் அல்லாதவராயினும், எழுத்து மூலம் நியமிக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதலைப் பொறுத்தவரை, நினைவும் தெளிவும் உள்ள வயது வந்த நோயாளியின் கையெழுத்தே முதன்மையானது. மயக்கத்தில் இருந்த மணமாகாத ஒரு பெண்ணுக்கு, அவசரநிலை இல்லாதபோது, தாயின் ஒப்புதலை மட்டும் பெற்றுக் கருப்பையை அகற்றியது செல்லாது என 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தனித்து வாழ்வோர், தோழமையோடு வாழ்வோர் ஆகியோர், அவசரத்தில் அழைக்க வேண்டியவர் பெயரையும் எண்ணையும் முதல் வருகையிலேயே எமது பதிவேட்டில் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்த இடத்தில் தோழர், தோழி என்று எழுதினால் எவரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் நோயாளர் உதவி மையத்தில் தெரிவியுங்கள்.

தை மாதத்தில் அந்தத் தாய் கண்புரை அறுவைக்காக மீண்டும் வந்தார். மகளுக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. கேரம் விளையாடும் அந்தச் சந்திப்பில் பழகிய தோழி ஒருவர் உடன் வந்திருந்தார். படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் பேனா நின்றது. “மகளோட சினேகிதி என்று எழுதும்மா” என்றார் தாய். சொட்டுமருந்து விடும் நேரங்களை அந்தப் பெண் தம் கைபேசியில் அலாரமாக வைத்துக்கொண்டார். மறுநாள் கட்டுப் பிரிக்கவும் அவரே அழைத்து வந்தார்.

கண்ணாடி அணிந்து வெளியேறும்போது தாய் எம்மிடம் தணிந்த குரலில் சொன்னார்: “மனசு இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வரன் என்று யாராவது வந்தால், அவளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.” அறிக்கைகள் இருந்த பை என்னவாயிற்று என்று கேட்டோம். பரணில் இருக்கிறதாம்.